லிட்டருக்கு எழுபது

பாட்டில் தொழிற்சாலையில் அவனுக்கு வைத்த பெயர் மைலேஜ். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும்தான் அவன் காதில் விழும். வேலை ஃபிட்டர். கண்ணாடி உருக்குகிற உலையை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கல்லாய் உறைந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே ஆள் வேண்டும். அவனுக்கு ஞாயிறு அரை நாள். நண்பகல் சங்கு ஊதியதும் மற்றவர்கள் கைகழுவப் போவதற்குள் அவன் சைக்கிள் வாசலைத் தாண்டியிருக்கும்.

அதைச் சைக்கிள் என்று சொன்னால் சைக்கிளுக்குக் கோபம் வரும். பின்சக்கரத்தின் மேல், கேரியர் இருந்த இடத்தில், தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பழைய எஞ்சின் ஒன்றை ஏற்றி வைத்திருந்தான். அதற்குச் சங்கிலியும் கிடையாது, கியரும் கிடையாது. எஞ்சின் தண்டில் ஓர் இரும்பு உருளை. அது டயரின் முதுகில் அழுந்தி உட்கார்ந்து, தேய்த்துத் தேய்த்தே சக்கரத்தை உருட்டும். போகிற சத்தத்தில் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள்கூட மைலேஜ் கிளம்பிவிட்டான் என்று தெரிந்துகொள்வார்கள்.

உருளையைத் தானே லேத்தில் கடைந்தான். பெரிய உருளை போட்டால் சமதரையில் பறக்கும், மேட்டைக் கண்டால் முனகிக்கொண்டு நின்றுவிடும். சின்ன உருளை போட்டால் மேடு ஏறும், ஆனால் பக்கத்தில் நடந்து வருகிறவன் நலம் விசாரித்துக்கொண்டே கூட வரலாம். இரண்டுக்கும் நடுவில் சரியான ஒன்றைப் பிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. நனைந்த டயரில் உருளை வழுக்கும். வழுக்காமல் இருக்க இறுக்கினால் டயரைத் தின்றுவிடும். எல்லாம் கைக்கு வந்த பிறகு அவன் கண்டுகொண்டது இதுதான்: மணிக்கு இருபத்தைந்தில் நிதானமாய் ஓட்டினால் லிட்டருக்கு எழுபது கிலோமீட்டர். ஆசைப்பட்டு முப்பத்தைந்தைத் தொட்டால் ஐம்பதுகூடத் தேறாது. இதைக் கேட்டவரிடமும் சொன்னான், கேட்காதவரிடமும் சொன்னான். பெயர் வந்த கதை அதுதான்.

விளையாட்டுக்குச் செய்த வேலை இல்லை அது. அவன் மனைவி நாற்பது கிலோமீட்டர் தள்ளி மனநல மருத்துவமனையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து நாலு மணி வரைதான் பார்க்க விடுவார்கள். அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ் சங்கு ஊதுவதற்கு முன்பே போய்விடும். முதலில் சைக்கிளை மிதித்துத்தான் போனான். போய்ச் சேர மூன்றரை ஆகும். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எஞ்சின் வைத்த பிறகு, இரண்டு மணிக்கு வாட்ச்மேன் கதவைத் திறக்கும்போது முதல் ஆளாய் நிற்பவன் அவன்தான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. காற்று, மழை எதற்கும் அசையவில்லை. அவனுக்கு அதில் கர்வம் உண்டு, இருக்கட்டுமே.

வயிற்றில் இரண்டாவது குழந்தையும் தங்காமல் போனபிறகுதான் அவளுக்குத் தூக்கம் போனது. பிறகு பேச்சு போனது. பிறகு ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், சேலை பற்றுகிற வரைக்கும். நாலு பக்கமும் மூடிய வேனில்தான் அவளைக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிட்டாள், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவோம் என்று பயம். அன்றிலிருந்து கதவு உள்ள எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பஸ், கார் எதுவும் ஆகாது.

மருந்தில் மெல்ல மெல்லத் தேறினாள். வேப்பமரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்வார்கள். அவனோ வாய் செத்தவன். என்ன பேசுவது? வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று சொன்னால் அவள் அழுவாள். குழந்தையைப் பற்றிப் பேசக்கூடாது. அதனால் உருளையைப் பற்றிப் பேசினான். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது, எந்த மேட்டில் எஞ்சின் திணறும், எங்கே இறங்கி ஓட வேண்டும், எல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் வாசல்வரை கூட வந்தவள் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் எங்கங்க ஒக்காருவேன்?"

"எஞ்சின் எடை சக்கரத்துக்கு நேர் மேல இருக்கணும். கொஞ்சம் தள்ளி வெச்சாலும் பிடிப்பு போயிடும். அப்பறம் மைலேஜே வராது."

"ஓ," என்றாள் அவள். அடி வயிற்றிலிருந்து வந்த கேள்விக்கு இந்த மடையன் சொன்ன பதிலைப் பாருங்கள். சொல்லிவிட்டு உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயும்விட்டான். வழியெல்லாம் அவளுக்குப் புரிகிறமாதிரி விளக்கிவிட்டோம் என்று சந்தோஷம் வேறு.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார்.

"உடம்பு நல்லா தேறியாச்சு. வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா உங்களுக்குக் கூட்டிட்டுப் போக இஷ்டம் இல்லைன்னு அவங்க நெனைக்கிறாங்க."

"யார் சார் சொன்னா அப்படி?"

"சைக்கிள்ல அவங்களுக்கு எடம் இல்லையாமே. கேட்டதுக்கு நீங்க மைலேஜ் வராதுன்னு சொன்னீங்களாம்."

கல்யாணமான புதிதில் அவள் அந்தக் கேரியரில்தான் ஒருக்களித்து உட்கார்ந்து வருவாள். கேரியரைக் கழற்றியபோது அது அவள் உட்கார்ந்த இடம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பார்க்கப் போவதற்காகத்தானே கழற்றினான்!

அன்றைக்கு அவள் அண்ணனும் வந்திருந்தார். இரண்டு நாள் ரயில் பயணம் செய்து போக வேண்டிய ஊரில் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"மாப்பிள்ளை, அடுத்த ஞாயிறு நாலு மணி வரைக்கும் பாப்பேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போனா எனக்குச் சந்தோஷம். இல்லேன்னா அவ என்கூட வந்துடட்டும். இங்க கெடந்து ஏங்க வேணாம்."

"வந்துடுவேன் மச்சான்."

அவளிடமும் அவ்வளவுதான் சொன்னான், "அடுத்த வாரம் வரேன்" என்று. உனக்குக் கேரியர் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் வந்து நிற்கும்போது அவளே கண்ணால் பார்க்கட்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டான். ஆயுளில் ஒருநாள் அவனுக்கு இப்படி ஓர் ஆசை வந்தது, அதுவும் வரக்கூடாத நேரத்தில் வந்தது.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் எஞ்சினை முன்சக்கரத்துக்கு மாற்றிப் பார்த்தான். பின்னால் கேரியரில் அவள் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி ஓட்டினான். பாரமெல்லாம் பின்னால் போனதும் முன்சக்கரம் இலேசாகி, மேட்டில் உருளை வெறுமனே சுற்றியது. ஹேண்டில் உதறியது. இறக்கத்தில் ஒருமுறை மூட்டையோடு விழுந்தான். மூட்டை கிழிந்து மணல் கொட்டியதைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த இடத்தில் அவள் இருந்திருந்தால்? சனிக்கிழமை எஞ்சினைக் கழற்றி மூலையில் வைத்தான்.

ஃபோர்மேன் ஒரே ஒரு நாள்தான் லீவு கொடுத்தார். அதைத் திங்கட்கிழமைக்குக் கேட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் தனியாக இருக்கக்கூடாது. ஞாயிறு எப்படியும் மூன்றரைக்குப் போய்விடலாம், முன்பெல்லாம் மிதித்துப் போனவன்தானே. திரும்பும்போது இருட்டினால் என்ன, அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாலும் வீடு வந்துவிடும்.

முன்பு மிதித்தவன் வேறு, இப்போது மிதிப்பவன் வேறு என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. எஞ்சின் வந்த பிறகு மேட்டில்கூட ஒப்புக்குத்தான் மிதித்திருக்கிறான். எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எஞ்சின் ஓடும்போது கண்ணுக்கே தெரியாத மேடுகளெல்லாம் எழுந்து நின்றன. தொடை இழுத்துக்கொண்டது. இறங்கித் தேய்த்துவிட்டு ஏறினான், மறுபடி இழுத்தது. கடைசி மேட்டில் தள்ளிக்கொண்டு ஓடினான். ஓடும்போதே அழுதான் என்று சொன்னால் தப்பில்லை.

வாசலில் கதவு சாத்தியிருந்தது. வாட்ச்மேன் அவனையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய் வார்டு ஆயாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள்தான் அவளை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டவள்.

"போயிட்டாங்க தம்பி. அண்ணன் கார் கொண்டு வந்திருந்தாரு. அஞ்சு மணி ரயிலாம்."

ஸ்டேஷன் எதிர்ப்பக்கம், இன்னும் இருபது கிலோமீட்டர். மணி நாலரை ஆகியிருந்தது. அவன் கணக்குப் போட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். எஞ்சின் இருந்திருந்தாலும் முடியாது.

"கார்லயா ஏறினா?"

"கண்ண மூடிக்கிட்டு ஏறினாங்க. நாந்தான் கையப் பிடிச்சு உக்கார வெச்சேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே அக்கா. வந்துட்டுத்தானே இருந்தேன்."

ஆயா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள்.

"அவங்க அண்ணன் இருக்கலாம்னுதான் சொன்னாரு. நானும் சொன்னேன். அவங்கதான் ரெண்டரைக்கே எந்திரிச்சிட்டாங்க. 'அவரு வர்றதா இருந்தா ரெண்டு மணிக்கே வந்திருப்பாருக்கா. எஞ்சின் வெச்சதுலேருந்து ஒரு வாரம்கூட லேட்டா வந்ததில்ல. இனிமே வரமாட்டாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."