பேதுருவுக்கு முந்திய அத்தி

பள்ளிக்கூட பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கை உயரமானது. அதில் ஏறி உட்கார்ந்தால் வேலிக்கு அந்தப்பக்கம் எல்லார் வீட்டுக் கொல்லையும் தெரியும். ஸ்வான் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருஷமாக அந்த பஸ்ஸை ஓட்டுகிறவள் விங்கா. யார் வீட்டுத் திராட்சையில் கவாத்து முடிந்தது, யார் இன்னும் ஆலிவ் பறிக்காமல் கிடக்கிறார்கள், யார் கோழிக்கூண்டு சரிந்து நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவளிடம் போய் யாரும் எதையும் கேட்டதில்லை. ஒன்பது வயதில் தால்மேஷியக் கரையிலிருந்து கப்பலில் வந்தவள், பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் இறங்கிவிட்டாள். பிறந்த ஊர்க்காரர்கள் கூடும் கிளப்பில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் இவள் தட்டு கழுவிக்கொண்டிருப்பாள்.

அவள் வீட்டுப் பின்பக்கம் ஓர் அத்தி மரம் நின்றது. வீட்டை வாங்கும்போதே இருந்தது. பக்கத்து வேலிக்கம்பியில் ஒரு தகரச்சீட்டு தொங்கும். அதில் ‘பிரவுன் டர்க்கி’ என்று ஓர் அத்தி ரகத்தின் பேர் பொறித்திருந்தது. விங்காவும் அப்படித்தான் சொல்லி வந்தாள். மரத்துக்கு ஒரு வினோதப் பழக்கம். நவம்பர் மூன்றாம் வாரம் நாற்பது ஐம்பது பழம் கொடுக்கும். அந்த ருசியைச் சொல்லி மாளாது. அதற்குப் பிறகு கிளை கொள்ளாமல் காய்த்து, பிப்ரவரியில் அத்தனையையும் பிஞ்சிலேயே கொட்டிவிடும்.

"வெட்டிடலாம் விங்கா," என்பான் கணவன் ஸ்ரெச்கோ ஒவ்வொரு பிப்ரவரியும், பிஞ்சுகளை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டே. அவன் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவன். "என் கிரேனே ஒரு நாளைக்கு இவ்வளவு இறக்கினதில்ல."

"நவம்பர்ல நாலு பழத்தை ஒளிச்சு வச்சுத் தின்னியே, அப்ப இந்த வாய் எங்க போச்சு?" என்பாள் அவள். அத்தோடு பேச்சு முடியும்.

ஒரு வருஷம் நவம்பர் கடைசியில், கிளப்பில் வருஷாவருஷம் நடக்கும் பழப் போட்டி மேசைக்கு அவளும் ஒரு தட்டு கொண்டுபோனாள். வாழ்க்கையில் முதல் தடவை. பன்னிரண்டு பழத்தை இலைமேல் அடுக்கி, ‘பிரவுன் டர்க்கி – விங்கா’ என்று அட்டை எழுதி வைத்தாள். தீர்ப்புச் சொல்கிறவர் யெர்கோ. பள்ளத்தாக்கில் பாதிப்பேருக்குத் திராட்சை நடக் கற்றுக்கொடுத்தவர். ஊரே அவரை ‘பார்பா’ என்றுதான் கூப்பிடும், சித்தப்பா என்கிற மாதிரி. அவர் ஒரு பழத்தை எடுத்துப் பிளந்து, திரும்பத் தட்டிலேயே வைத்தார். அட்டையைப் பார்த்தார். தட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"இது பிரவுன் டர்க்கின்னா நான் போப்பாண்டவர்," என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "தோலு பச்சை, சதை வேற. சொந்த வீட்டு மரத்துக்குப் பேர் தெரியாம போட்டிக்கு வந்திருக்கே பொண்ணே?"

"அப்ப இது என்ன பார்பா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஏதோ குப்பையில முளைச்சதா இருக்கும். நீ பஸ் ஓட்டு, அத்தியை எங்ககிட்ட விடு."

சிரித்தார்கள். விங்காவும் சிரித்துவைத்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பன்னிரண்டில் ஏழு பழத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள். அவமானம் ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம், இவ்வளவு நல்ல பழத்தைக் குப்பை என்று அவர் எப்படிச் சொல்லலாம் என்று ஆத்திரம். எட்டாவது பழத்தை எடுத்தபோது ஒன்றைக் கவனித்தாள். பழத்தின் அடிக்கண்ணில் ஒரு துளி தேன் திரண்டு, விழாமல் நின்றது. மற்ற நாலிலும் அப்படியே.

மறுநாள் பஸ் டியூட்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இலையில் ஐந்து விரல். கீழ் விரல் இரண்டும் கட்டை. காம்பு குட்டை. தோலில் நீளவாக்கில் மூன்று வெள்ளை வெடிப்பு. அடிக்கண்ணில் துளி. அன்றிலிருந்து பஸ் ஓடும்போது அவள் கண் கோழிக்கூண்டுகளைப் பார்க்கவில்லை. வேலிக்கு மேலே தலைநீட்டும் அத்தி இலைகளை மட்டும் பார்த்தது. பள்ளி விடுமுறை விட்ட பிறகும் சொந்தக் காரில் அதே வழியில் போய்வந்தாள். அவள் தடத்தில் பதினொரு வீடுகளில் ‘பெத்ரோவாச்சா’ இருந்தது. பேதுரு அத்தி என்று அர்த்தம். பிறந்த ஊரில் ஜூன் கடைசியில், பேதுரு திருநாளை ஒட்டிப் பழுப்பதால் வந்த பேர். ஒவ்வொரு வீட்டிலும் முதல் பழம் என்றைக்குப் பழுத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். யெர்கோ வீட்டிலும் கேட்டாள். பூமியின் இந்தத் தென்பாதியில் பருவம் தலைகீழ் என்பதால், பதினொன்றும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் பழுத்தன.

அவள் மரத்தினுடையது போன்ற இலை ஒரே ஒரு வேலிக்கு மேல்தான் தெரிந்தது. கேவர்ஷம் பக்கம், ஒரு சந்தின் கடைசி வீடு. அங்கே இருந்தவன் மாரின், டைல்ஸ் போடுகிறவன், நாற்பத்தைந்து வயசிருக்கும். கதவைத் திறந்ததும், "ஏதும் விக்க வந்திருந்தா வேணாம்," என்றான்.

"ஒன்னும் விக்கல தம்பி. உன் அத்தி மரத்தப் பத்திக் கேக்கணும்."

"அதையா? தேத்தா, அதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. பிப்ரவரி வந்தா என் வண்டிமேல பூரா பிஞ்சு. செத்த அப்பன் வெட்டாதன்னு சத்தியம் வாங்கிட்டான், இல்லேன்னா எப்பவோ போயிருக்கும்."

தேத்தா என்றால் அத்தை. அவன் வாயில் அந்த வார்த்தை வந்ததும் விங்காவுக்குத் தைரியம் பிறந்தது. "உங்கப்பா அதுக்கு ஏதாவது பேர் சொல்வாரா?"

"சூசிட்சான்னுவாரு. சின்னக் கண்ணீராம். அத்திக்கு எவனாவது அப்படிப் பேர் வைப்பானா? அவங்க தீவுல, தோன்யா ஸ்த்ரானான்னு ஒரு ஊரு, அங்கேர்ந்து குச்சியா கொண்டாந்தது. மார்க்கோன்னு அவரு சிநேகிதன் ஒருத்தன், அவனுக்கும் ஒரு கிளை வெட்டிக் குடுத்தாரு. நர்சரியில வாங்கி நட்ட கன்னு செத்துப்போச்சுன்னு அழுதானாம் அவன்."

விங்கா வீட்டை வாங்கியது மார்க்கோவிடம்தான். செத்த கன்றின் சீட்டை யாரும் கழற்றவில்லை. அதே குழியில் வேறு மரம் வளர்ந்துவிட்டது. அவள் மாரினைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவன் மிரண்டுபோனான்.

ஆனால் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு கிளப்பில் நிற்க முடியாது. பிறந்த நாட்டில் அத்தி மரங்களைச் சேர்த்து வளர்க்கும் ஆய்வு நிலையம் ஒன்று இருப்பதாக மாரினின் அக்கா மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். விங்கா படிவமெல்லாம் நிரப்பி, முறைப்படி அனுமதி வாங்கி, காய்ந்த இலைகளை பிப்ரவரியில் அனுப்பினாள். ஏப்ரலில் நீவெஸ் என்ற ஆய்வாளரிடமிருந்து பதில் வந்தது. மரபணு எங்கள் தோட்டத்து நாற்பத்தொன்றாம் எண் மரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது, ரகம் பெத்ரோவாச்சா. வாழ்த்துகள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த யெர்கோவுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. "இதுக்கா இத்தனை தபால் செலவு? என் வீட்டுல நிக்கிறதுதான் உன் வீட்டுலயும் நிக்குதுன்னு படிச்சவங்க சொல்லிட்டாங்கள்ல? விட்டுடு இப்ப."

"உங்க வீட்டுது என்னைக்குப் பழுத்துது பார்பா?"

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நீதான வந்து எழுதிட்டுப் போன?"

"என்னுது நவம்பர் பத்தொம்பது. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வெயிலு. அஞ்சு வாரம் முந்திப் பழுக்குறது எப்படி அதே மரமா இருக்கும்?"

"கம்ப்யூட்டர் சொல்லுதும்மா!"

"கம்ப்யூட்டர் என் மரமும் அவங்க தோட்டத்து மரமும் ஒன்னுன்னுதான் சொல்லுது. பேர் சொன்னது அவங்க சீட்டு. சீட்டை நம்பித்தான் நான் ஏற்கெனவே ஒருதரம் ஏமாந்தேன்."

ஸ்ரெச்கோ பக்கத்தில் நின்று மனைவியை வேற்றாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ரொட்டியையும் மத்தி மீனையும் ஒதுக்கிவிட்டு, விங்கா நீவெஸுக்கு எழுதினாள். பதினொரு வீட்டுத் தேதியையும் வரிசையாகப் போட்டாள். கடைசியில் மூன்று கேள்வி. நாற்பத்தொன்று எந்த ஊரிலிருந்து வந்தது? அது என்றைக்குப் பழுக்கிறது? பழுத்தால் அடிக்கண்ணில் துளி நிற்கிறதா? அனுப்பும் முன் ஸ்ரெச்கோவை எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். அவன் படித்துவிட்டு, "பிழை இருக்கு. இருக்கட்டும் விடு, விஷயம் சரியா இருக்கு," என்றான்.

மே மாதம் முழுக்கப் பதில் இல்லை. ஜூன் முதல் வாரம், காலை ட்ரிப் முடிந்து பஸ்ஸை நிறுத்தியபோது செல்போன் அடித்தது. நீவெஸே கூப்பிட்டாள். குரலில் மூச்சு வாங்கியது.

"நீங்க கேட்ட மூணுக்கும் பதில் இருக்கு. ஊரு தோன்யா ஸ்த்ரானா. இருபது வருஷம் முன்னாடி ஒரு மாணவன் குளிர்காலத்துல போயிருக்கான், மரத்துல இலையே இல்ல, வீட்டுக்காரர் சொன்ன பேரை எழுதிட்டு வந்துட்டான். நாங்க ஜூன் பாதியிலதான் பழத்தைக் கணக்கெடுக்கப் போவோம். அப்ப அந்த மரம் காலியா இருக்கும். பறவை தின்னுடுச்சுன்னு வருஷாவருஷம் எழுதி வச்சிருக்கோம், என்ன கொடுமை பாருங்க! இந்தத் தடவை உங்க கடிதத்துக்காக மே மாசமே போய் நின்னேன்."

"பழுத்திருந்துதா?" என்றாள் விங்கா.

"இருபத்திரண்டாம் தேதி. தோட்டத்துல வேற எதுவும் பழுக்கல. துளி நின்னுது. அந்த ஊர்ல போய்க் கேட்டா மூணு வீட்டுல சூசிட்சான்னு சொல்றாங்க, ஆனா மரம் யார்கிட்டயும் இல்ல, காட்டுத்தீயில போயிடுச்சாம். எங்க சேகரிப்புல அப்படி ஒரு ரகமே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தோம். இருபது வருஷமா கைக்குள்ளயே வச்சிருந்திருக்கோம். சீட்டை மாத்தியாச்சு. அடையாளம் கண்டவர்ங்கற இடத்துல உங்க பேர் போட்டிருக்கேன். சரியா எழுதியிருக்கேனா பார்க்கணும், எழுத்துக்கூட்டிச் சொல்றீங்களா?"

விங்கா தன் பேரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறகு காலி பஸ்ஸுக்குள் ஏறி நின்று, கத்தினாள். டிப்போவில் டயர் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஸ்பேனரோடு ஓடிவந்தார்கள்.

ஜூலையில், மரம் இலை உதிர்த்து நின்றபோது, அவள் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. எல்லோருக்கும் ஒரு கிளை வேண்டும். மாரின் தன் மரத்திலிருந்தும் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தான். மரத்தை அவன் இப்போது ‘அவ’ என்றுதான் சொன்னான். ஸ்ரெச்கோ ஈரச்சாக்கில் சுற்றிச்சுற்றிக் கொடுத்தான், வருகிறவனுக்கெல்லாம் முழுக்கதையும் சொன்னான், ஒவ்வொரு தடவையும் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டினான்.

நவம்பரில் பழ மேசை வந்தது. விங்கா பன்னிரண்டு பழத்தை வைத்து, ‘சூசிட்சா’ என்று ஒரே வார்த்தை எழுதினாள். மண்டபம் நிரம்பியிருந்தது. யெர்கோ பழத்தைப் பிளக்கவில்லை. முழுசாக வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றார்.

"போன வருஷமே இதைத் தின்னு பார்த்திருக்கணும்," என்றார், இந்த முறையும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "பிளந்து பார்த்துட்டுத் தள்ளிட்டேன். தப்பு என்னுது." தாமே போய் முதல் பரிசு நாடாவை எடுத்துவந்து தட்டில் கட்டினார். முடிச்சு விழ நேரமாயிற்று. விங்கா உதவிக்குப் போகவில்லை. நின்று பார்த்தாள்.

கைதட்டல் அடங்கியதும், மூலையில் நின்ற ஒரு பெண் தயங்கித்தயங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு முன்னால் வந்தாள். உள்ளே மூன்று சின்னப் பழங்கள். நேராக யெர்கோவைத் தாண்டி விங்காவிடம் நீட்டினாள்.

"எங்க கொல்லையில நிக்குது தேத்தா. என்னன்னு யாருக்கும் தெரியல."

விங்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல," என்றாள். "இலை கொண்டாந்தியா? முதல் பழம் என்னைக்குப் பழுத்துது, அதைச் சொல்லு."