ஆல்பர்ட் ஓட்டாத பயணம்

மரிய ஆல்பர்ட் ஏலாக்குறிச்சிக்காரன். பதினெட்டு வருடமாகத் திருமானூர் ராஜராஜனின் டிராவல்ஸ் வேனை ஓட்டுகிறான். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, புதுச்சேரி என்று கடல் இருக்கிற ஊர்களுக்கு எத்தனை முறை போய் வந்தான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை. ஆனால் ஒருமுறைகூடக் கடலில் கால் வைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கடற்கரை வந்ததும் செருப்பு, போன், கழுத்துச் சங்கிலி, மாற்றுத்துணிப் பை எல்லாவற்றையும் வண்டிக்குள் போட்டுவிட்டு, டிரைவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் ஆட்கள் இறங்கி ஓடிவிடுவார்கள். டிரைவர் இருந்துதானே ஆக வேண்டும்? அவன் பார்த்த கடல் எல்லாம் முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த அளவுக்குத்தான்.

அவன் பிள்ளைகள் இரண்டும் அதைக்கூடப் பார்த்ததில்லை. வேனில் எப்போதும் சீட்டு நிறைந்துவிடும். மூத்தவள் சுபா ஆறாம் வகுப்பு, சின்னவன் லியோ பிரபு ஒன்றாம் வகுப்பு. இந்த வருடம் வேளாங்கண்ணித் திருவிழா ஓட்டம் முடிந்து, காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் கிடைக்கும் என்று தெரிந்ததும், புதுச்சேரிக்குப் போகலாம் என்று ஆல்பர்ட் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சின்னவனுக்குத் தூக்கம் போயிற்று. சுபா மட்டும் யோசித்தாள். அலை திரும்பும்போது காலுக்கடியில் இருக்கிற மண்ணை உருவிக்கொண்டு போகும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

"அப்பா கையப் புடிச்சிக்கிட்டாதான் எறங்குவேன். அம்மா கை வேணாம். அம்மாவுக்குக் குளத்துப் படியிலயே வழுக்குது."

ஆல்பர்ட் சரி என்று தலையாட்டினான்.

லீவு கேட்கப் போன இடத்தில் ராஜராஜனுக்கு மனசு இளகிவிட்டது. வண்டி சும்மாதானே நிற்கிறது, எடுத்துக்கொண்டு போ, டீசல் மட்டும் போட்டுக்கொள் என்றார். ஆல்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே பழைய டிரிப் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் திட்டம் எழுத உட்கார்ந்தான். எந்த பங்க்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், எந்த ஓட்டலில் சின்னப் பிள்ளைக்குக் காரமில்லாமல் போடுவார்கள், புதுச்சேரியில் கல் கொட்டிய கரையை விட்டு மணலுக்குப் போக எந்த வழி என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எழுதி முடித்ததைச் சுபா வாங்கி, அம்மா ஆனி ரோஸுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தாள்.

"எட்டரை மணி, டிபன். ஒன்பதே முக்கால், வீராம்பட்டினம் பீச். தென்னந்தோப்பு ஓரம் வண்டி. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்ட்டி கடலில். டிரைவர் வண்டியில்."

காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். "பார்ட்டின்னா யாருப்பா?"

"வண்டியில வர்றவங்க."

"நாங்களா?"

ஆல்பர்ட் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தான். பழக்கதோஷம், அடித்துவிடுகிறேன் என்றான். ஆனால் அடிக்கப் போன கை நின்றுவிட்டது. இரவல் வண்டி. அந்தப் பக்கம் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துப் போன கதை இரண்டு அவனுக்குத் தெரியும். அதையும் சொன்னான்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஆனி ரோஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "அது பழக்கமெல்லாம் இல்ல பாப்பா. வண்டி வந்தா உங்கப்பா டிரைவர்தான், எந்த ஊருக்குப் போனாலும்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "வண்டி வேணாங்க. பஸ்ல போவம்."

மூன்று இடத்தில் பஸ் மாற வேண்டும், சின்னவன் தூங்கிவிடுவான், பையை யார் தூக்குவது என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பிடிக்காமல் உட்கார்ந்தால் ஆல்பர்ட்டுக்கு வாந்தி வரும். கல்யாணமான புதிதில், வரதராஜன்பேட்டையில் இருக்கும் அவள் அம்மா வீட்டு விருந்துக்குப் போனபோது, டவுன் பஸ்ஸில் அவள் புதுப்புடவையிலேயே வாந்தி எடுத்தவன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பைக்தான்.

"வேன் ஸ்டாண்டுல தெரிஞ்சா என்னை உரிச்சிடுவானுங்க," என்றான், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில்.

"பொண்ணு கையா, ஸ்டாண்டு மானமா? நீங்களே பாத்துக்கங்க."

மூன்றாம் நாள் ஆல்பர்ட் திருமானூர் போய், வண்டி வேண்டாம், பிள்ளைகள் பஸ்ஸில் போக ஆசைப்படுகிறார்கள் என்று புளுகினான். ராஜராஜன் உடனே முகம் மலர்ந்தார். அதே தேதிக்கு ராமேஸ்வரம் பார்ட்டி ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறதாம். நீ ஓட்டிவிட்டு வா, புதுச்சேரி எங்கே ஓடிவிடப்போகிறது என்றார். திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த வண்டிச் சாவி ஆல்பர்ட் கையில்தான் இருந்தது. பதினெட்டு வருடத்தில் அந்த மனிதரிடம் அவன் மறுத்துப் பேசியதில்லை.

"மாத்து டிரைவர் இளவரசனப் போட்டுக்கங்கண்ணே," என்று சாவியை மேசையில் வைத்தான். "நான் வரலை."

ஏறிய பஸ்ஸிலெல்லாம் முதல் சீட்டைப் பிடித்துச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். வளைவு வரும்போதெல்லாம் அவன் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. ஆனி ரோஸ் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே ஜெயங்கொண்டத்தைக் கடந்தான், விருத்தாசலத்தையும் கடந்தான். நெய்வேலி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாகிவிட்டது. "எங்கப்பா டிரைவரு," என்று லியோ பிரபு பின்சீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தான். சுபா தண்ணீர்ப் பாட்டிலை மூடி கழற்றிக் கொடுத்தாள்.

வீராம்பட்டினம் மணலில் இறங்கும்போது பன்னிரண்டு மணி வெயில். கால் பொரிந்தது. பைகளோடு உட்கார்ந்துகொண்ட ஆனி ரோஸ், சின்னவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, போங்க என்று கையைக் காட்டினாள். ஆல்பர்ட் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். சுபாவின் கையைப் பிடித்து ஈர மணல்வரை வந்தான், இன்னும் நான்கு எட்டு வைத்தான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அது அவன் எதிர்பார்க்காதது. அலை முட்டிவரை ஏறித் திரும்பியபோது, சுபாவின் வகுப்புப் பெண் சொன்னது சரிதான், குதிகாலுக்குக் கீழே மண் கழன்று போயிற்று. ஆல்பர்ட் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தான்.

"அப்பா, கை வலிக்குது."

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். விடவில்லை.

"இன்னும் உள்ள போவமாப்பா?" என்றாள் சுபா.

"இரு. இன்னொன்னு வரட்டும்."