குத்தாத யூனிபார்ம்

துணி சொல்லாத குறையையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் தையல்காரன் பிழைப்பு. மெஷின் மிதிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் நான் கடை போட்டு முப்பத்தாறு வருஷம். ஆளிடம் அதிகம் பேசமாட்டேன், டேப்பை நம்புவேன். அந்த டேப் என்னைக் கைவிட்ட வாரம் ஒன்று உண்டு.

மூன்று முறை திரும்பிய கவுன்

பள்ளி திறந்த சமயம். செல்வி என்ற பெண், இரண்டாம் வகுப்பு போகும் மகள் யாழினிக்கு யூனிபார்ம் கவுன் தைக்கக் கொடுத்தாள். வாங்கிப்போன மறுநாளே திரும்பி வந்தாள். போட்டவுடன் பிள்ளை கழற்றி எறிகிறதாம், பிடித்துப் போட்டால் தொண்டை கிழிய அழுகிறதாம். அளவுதான் தப்பு என்று அக்குளில் அரை இஞ்ச் விட்டேன். பிரித்த இடம் பிசிர் தட்டக்கூடாதே என்று உள்ளே இரட்டை ஓவர்லாக் அடித்தேன். மறுபடி வந்தது. காலருக்கு மொடமொடப்பான கேன்வாஸ் வைத்து, கடை லேபிளையும் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்த துணியை இன்னும் அழுத்தமாகத் தைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதிதானே.

மூன்றாம் முறை வந்தபோது காலர் கிழிந்திருந்தது. செல்வி என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணா, திங்கக்கெழம யூனிபார்ம் இல்லாம வந்தா வேற ஸ்கூலு பாத்துக்கோன்னுட்டாங்க."

சட்டையை மறக்க முடியாத பிள்ளை

இடையில் அவள் மகளை விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டியிருந்தாள். கெடாரில் இருக்கும் மாமியார் வீட்டில், இது பிடிவாதம், நாலு அடி போட்டால் சரியாகும் என்றார்களாம். டாக்டரோ ஆட்டிசம் என்றாராம். நோய் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே வேறு. தொடுவதும் சத்தமும் சில பிள்ளைகளுக்குப் பல மடங்காகத் தெரியும். நாம் சட்டையைப் போட்ட கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவோம், இந்தப் பிள்ளையால் மறக்க முடியாது என்று விளக்கினாராம்.

எனக்கு அது புதுச் செய்தி. கவுனைத் திருப்பி, நான் பெருமையாக அடித்த ஓவர்லாக்கை என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன். அரம் மாதிரி இருந்தது. வீட்டில் பிள்ளை அழாமல் எதைப் போட்டுக்கொள்ளும் என்று கேட்டேன். "என் தம்பி சின்னப்புள்ளையில போட்ட பழைய பனியன்தாண்ணா. அதப் போட்டுக்கினுதான் துன்னுது, அதப் போட்டுக்கினுதான் தூங்குது. தோய்க்கக்கூட குடுக்கமாட்டேங்குது."

அளவு பனியன்

பெரியவர்களுக்கு அளவு ஜாக்கெட் வாங்கிவைத்துத் தைக்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டும் நிற்கவைத்து டேப் பிடிக்கிறோம். முதல் நாள் டேப் பட்டதும் யாழினி அலறியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பனியனையே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். யாழினி அதைக் கழற்றாததால் பனியனோடு பிள்ளையும் வந்தது.

புதுத் துணியைக் கஞ்சி போகும்வரை அலசிக் காயவைத்தேன். கேன்வாஸ் இல்லை, லேபிள் இல்லை. உள்ளே இருக்கவேண்டிய தையலை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் அதே துணியில் மெல்லிய பட்டி வைத்து மூடினேன். நான் தைக்கும்வரை யாழினி மெஷின் பலகையில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும் கவுனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பனியன் மேலேயே போட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே இருந்த பனியனைத் தானாக உருவிக் கழற்றினாள். செல்வி அழ ஆரம்பித்தாள். பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "தாத்தா, அம்மாவ சத்தம் போட வேணான்னு சொல்லு. மிஷின ஓட்டு."

டீச்சரின் கழுத்து

ஆனால் பட்டி வெளியே தெரிகிறது. பள்ளியில் ஒத்துக்கொள்வார்களா? யாழினியின் வகுப்பு டீச்சரும் என் கடைக்கு வருகிறவர். சனிக்கிழமை சுடிதார் வாங்க வந்தவரிடம், கடையில் காத்திருந்த செல்வி கவுனைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எப்போதும் கழுத்தை இறக்கி வைக்கச் சொல்பவர் அவர். நான் அதை ஃபேஷன் என்றே நினைத்திருந்தேன். கழுத்தில் துணி பட்டால் தனக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் என்றும், பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், பள்ளியில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவரே அனுமதித்ததால் எழுதுகிறேன். போகும்போது செல்வியின் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஹெட்மிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்மா. தையலு வெளிய இருந்தா பாடம் உள்ள போகாதா இன்னா?"

திங்கட்கிழமை

அன்று வாசலைப் பார்த்துக்கொண்டேதான் தைத்தேன். பள்ளி விட்டதும் செல்வி வந்தாள். மணி அடித்தபோது யாழினி காதைப் பொத்திக்கொண்டாளாம், டீச்சர் அவளைப் பிரேயரில் கடைசி வரிசை ஓரமாக நிறுத்திக்கொண்டாராம். ஹெட்மிஸ் கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கலர் சரியாக இருக்கிறது, இருக்கட்டும் என்றாராம். சாயந்தரம்வரை பிள்ளை கவுனைக் கழற்றவில்லை.

அந்த வாரமே இன்னொரு அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "அந்தப் பொண்ணுக்கு வெளிய பட்டி வெச்சித் தெச்சீங்களாமே, இவனுக்கும் அந்த மாடல்தான் வேணுமாம், வூட்ல ஒரே பேஜாருங்க."

இப்போது யார் வந்தாலும் எங்கே குத்துகிறது என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் சட்டையை விட்டுவிட்டு மனசைச் சொல்ல ஆரம்பிப்பதால், டெலிவரி தேதிதான் தள்ளிக்கொண்டே போகிறது.