ஒரு தாலிக்கு நான்கு அரசாங்கங்கள்

யாழ்ப்பாணக் கடலேரியின் கிளாலித் துறையில் வெயில் சாய்கிறது. கடற்படையின் கண்ணில் படாமலிருக்க, இருட்டிய பிறகுதான் படகு. வரிசையில் எனக்கு முன்னால் சண்டிலிப்பாயில் புகையிலை பயிரிடும் கமக்காரர் ஒருவரும் அவருடைய மகளும் நிற்கிறார்கள். மாப்பிள்ளை நோர்வேயில் அகதி. இந்த நாட்டுக்குள் கால்வைக்க முடியாது. அவளுக்கு நோர்வே விசா இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே கலியாணம் சிங்கப்பூரில். இக்கரையில் வெளியேறப் பாஸ் கொடுக்கும் இயக்கப் பொடியள், அக்கரையில் இராணுவம், பிறகு சிங்கப்பூர், நோர்வே. ஒரு தாலிக்கு நான்கு அரசாங்கங்கள் சம்மதிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். முதலாவதே மறுக்கிறது.

“நீங்கள் திரும்பி வருவியள் எண்டு பிணை நிக்கிற ஆள் வரேல்லை, அண்ணை. மகளுக்குப் பிணை சரி, அவ போகலாம், நீங்கள் நிக்கவேணும்,” என்கிறான் பாஸ் பார்க்கும் இளைஞன்.

“தகப்பனில்லாமல் கலியாணமோ, தம்பி?” என்று நான் கேட்கிறேன்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், ஐயா.”

எங்கோ இராணுவ ஹெலிகொப்டர் இரைகிறது. எல்லாரும் மேலே பார்க்கிறோம்.

“அப்ப என்னை ஆர் தாரைவார்க்கிறது, அப்பா?” என்கிறாள் மகள்.

“மாப்பிள்ளையோடை வாற வெள்ளைக்காரச் சிநேகிதன்.”

“வெள்ளைக்காரனோ?”

“அவனுக்கும் ரெண்டு கை இருக்குத்தானே, பிள்ளை. தண்ணி வார்க்க அது காணும்.”

அவள் சிரிக்கத் தொடங்கி அழுகிறாள். இருட்டியதும் படகுக்காரன் கூப்பிடுகிறான். அவர் பெட்டியைத் தலையில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் அவளோடு நடந்துபோய், இரண்டையும் படகில் ஏற்றிவிட்டுத் தனியாகக் கரைக்குத் திரும்புகிறார்.