பெற்ற வாய் சொன்ன காரணம்

அன்று கம்பெனி சாருக்குக் கொடுத்த டீயில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டேன். தேடி வந்தவருக்குச் சப்பென்று கொடுக்கலாமா? அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார். இந்தக் காலத்தில் யார்தான் சர்க்கரை சாப்பிடுகிறார்கள், எனக்கே மாத்திரைதான். அது கிடக்கட்டும், எங்கள் ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அரியூர் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியின் பலகை போட்ட டீக்கடை அவருடையது. நான் அங்கே டம்ளர் கழுவினேன். என் மகள் டீ போடத்தான் போனாள். போகப் போகக் கடை திறப்பது, சரக்குக்குச் சொல்வது, வேலையாட்களை மேய்ப்பது எல்லாமே அவள் கைக்கு வந்துவிட்டது. மூட்டுவலி முற்றி, மகன் வீட்டோடு போக முடிவு செய்தபோது ஓனரம்மா, "வேற யாருக்குடி குடுப்பேன்? நீயே எடுத்துக்கோ" என்றார். ஆனால் பலகை கம்பெனியுடையது. கடை கை மாற அவர்கள் சம்மதம் வேண்டும். அதற்காகத்தான் அந்த சார் வந்தார்.

நேராக என்னிடம், "ஏம்மா, உங்க பொண்ணு தனியா நடத்திடுவாங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பெற்றவள் பிள்ளையைப் புகழ மாட்டாள், கண் பட்டுவிடும். பெண் பார்க்க வந்தவர்களிடமும், "அதுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றுதான் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே பூ வைத்துவிட்டுப் போனார்கள். அதே வாயால் இவரிடமும், "அது அரைவேக்காடு சார். அதுக்கு இன்னா தெரியும்? எல்லாம் ஓனரம்மாதான்" என்றேன். இவர் சிரிக்கவில்லை. போனில் எதையோ குறித்துக்கொண்டார்.

முடியாது என்று பதில் வந்தது. ஓனரம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு வில்லியனூர் வக்கீலிடம் போனார். எனக்குப் படிக்கத் தெரியாது, வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன். "தகுந்த காரணம் இல்லாம கம்பெனி மறுக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே இருக்கும்மா. ஆளப் புடிக்கல, வேற ஒருத்தருக்குக் குடுக்கப் போறோம்னு எல்லாம் சொல்ல முடியாது. ஆனா அனுபவம் இல்லன்னா அது தகுந்த காரணம். அதத்தான் சொல்றாங்க."

"இவளுக்கா அனுபவம் இல்ல? எவன் சொன்னான்?" என்று எகிறினார் ஓனரம்மா.

"பெத்த அம்மாவே சொன்னாங்களாம்."

யாரும் என்னைத் திட்டவில்லை. மகள் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓனரம்மா விடவில்லை. "அம்மாக்காரி பேச்சு ஒரு பரீட்சையா? புதுசா கடை எடுக்கறவங்களுக்கு இன்னா பரீட்சையோ அத இவளுக்கும் வெக்கச் சொல்லுங்க" என்று வக்கீலை எழுத வைத்தார். சார் மறுபடி வந்தார். காலைக் கூட்டம் முழுவதையும் என் மகள் தனியாகச் சமாளித்தாள். அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். கூட்டம் ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லுங்கம்மா, உங்க பொண்ணு எப்படி?" என்றார்.

ஓனரம்மா என்னை முறைத்தார். பாய்லரைப் பார்த்துக்கொண்டே, "எம் பொண்ணு கெட்டிக்காரி சார்" என்றேன்.

கடை இப்போது அவளுடையது. சந்தோஷம் தாங்காமல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளிடம்கூடச் சொல்லிவிடுகிறேன். மகன் ஊரிலிருந்து ஓனரம்மா போன் போட்டால், "கெட்டிக்காரி இருக்காளா?" என்றுதான் கேட்பார். கடைக்கு வந்த நாளிலிருந்தே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று சார் போனதும் மகள் என்னிடம் வந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லும்மா. பொறந்ததுலேந்து இப்பதான் உன் வாயால கேக்கறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்துத் திரும்பவும் கழுவினேன்.