தினம் தோய்த்த விரிப்பு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த 'ன' போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். படிப்பவர்கள் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அது இதைவிட மோசம். நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்கு நாக்கு எழும்பாது. சொல்லாமலே வைத்திருந்தாலும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த விரிப்பை நினைத்தால் அதன் மூலைதான் முதலில் கண்ணில் நிற்கிறது. நான் சீராகப் பரப்பித் தைத்த பஞ்சு அத்தனையும் நகர்ந்து வந்து ஒரு மூலையில் உருண்டு கிடந்தது. நடுவில் வெறும் துணி. அதைத் தைக்கச் சொன்ன மாமி என் வெட்டு மேசையில் போட்டு, கட்டை விரலால் அந்த உருண்டையை அமுக்கிக் காட்டினார்.

"ஏம்ப்பா, நான் விரிப்புதானே கேட்டேன்? நீ கொழுக்கட்டை பிடிச்சுக் குடுத்திருக்கியே."

ரவிக்கை வாங்க வாசலில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "பிரிச்சுத் தச்சுத் தரேங்க மாமி" என்றேன். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில், ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே என் கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, நான் உட்கார்ந்தால் மீதி இடம் ஒரு ஆள் நிற்கத்தான் காணும். வீடு ஜீயபுரத்தில், தினம் பஸ்ஸில் வந்து போகிறேன். ரவிக்கைதான் பிழைப்பு. ஆனால் ரவிக்கை வெட்டி மிஞ்சும் துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல், அவற்றை ஒட்டி, பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சின்ன விரிப்புகள் தைக்க ஆரம்பித்தேன். அரக்குக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெளுத்த பச்சை என்று துண்டுகளை மேசையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். என் தொழிலில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். அப்போது யாரோடும் பேச வேண்டியதில்லை. மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, நாலு ஓரத்துக்கும் பட்டி வைத்து மூடினால் விரிப்பு முடிந்தது. குழந்தை விரிப்பு என்பதால் அடியில் ஒரு பை மாதிரி வைத்து, அதற்குள் ரப்பர் ஷீட் சொருகிவிடுவேன். பிள்ளை நனைத்தாலும் மெத்தைக்கு இறங்காது. ஈரம் மேலேயே நிற்காமல் இருக்க, ரப்பருக்கு மேல் உறிஞ்சுகிற துணி ஒன்றைத் தனியாக நாடா போட்டுக் கட்டுவேன். அதை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும்.

அப்படி ஒன்று கடை வாசலில் தொங்கியபோதுதான் மாமி முதன்முதலில் நின்றார். ஒல்லியான உடம்பு, ஒன்பது கஜம், எங்கேயோ அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு அவசரம். நிறங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடியில் கையை விட்டார். ரப்பர் தட்டுப்பட்டதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இதே மாதிரி பெரிய கட்டிலுக்கு வேணும்ப்பா. ஆத்துல மாமா படுத்த படுக்கையா இருக்கார். முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிருக்கு. கீழே மெத்துனு இருந்தாத்தான் ஆறும்ங்கறார் டாக்டர். ஆனா இந்த ரப்பர் கிப்பரெல்லாம் வேண்டாம். அது கொழந்தேளுக்குன்னா."

"சரிங்க மாமி."

"இன்னொண்ணு. நான் தினம் தோய்ப்பேன். எங்காத்து ஆசாரம் அப்படி. அதுக்குத் தாங்கறாப்ல தைக்கணும்."

படுத்து எழுந்த பருத்தித் துணி விழுப்பு, அதை நனைக்காமல் தொடக்கூடாது என்பது அங்கே சில வீடுகளில் இன்னும் இருக்கிற வழக்கம். பட்டுக்கும் கம்பளிக்கும் அது கிடையாது. ஸ்ரீரங்கத்தில் மெஷின் போட்டிருப்பவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? தெரிந்ததுதான் தப்பாகப் போயிற்று. தெரியாதவனாக இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன்.

பெரிய கடை வீதிக்குப் போய் நல்ல பஞ்சாக வாங்கி வந்து தைத்தேன். மாமாவுக்குக் கண்ணுக்கும் நன்றாக இருக்கட்டும் என்று என்னிடம் இருந்த நல்ல துண்டுகளை எல்லாம் எடுத்து, நடுவில் ஒரு பெரிய தாமரை மாதிரி அடுக்கினேன். ஒரு வாரம் தாங்கவில்லை. தினம் வாளியில் முக்கிப் பிழிந்து உலர்த்தினால் எந்தப் பஞ்சு நிற்கும்? அதுதான் கொழுக்கட்டை ஆனது.

பிரித்து, கட்டங்களை நெருக்கித் தைத்துக் கொடுத்தேன். பஞ்சு நகரவில்லை. ஆனால் அடுத்த வாரமே மாமி வந்துவிட்டார். "தையல் உறுத்தறதுங்கறார்ப்பா. ஒட்டுப்போட்ட எடமெல்லாம் வரி வரியா முதுகுல பதிஞ்சிருக்கு." தாமரையைப் பிரித்தேன். ஒட்டே இல்லாமல், மாமியின் பழைய நூல் புடவையை ஒரே துணியாக மேலே வைத்து, பஞ்சை எடுத்துவிட்டு, உள்ளே பழைய வேஷ்டிகளை அடுக்கி, கையால் ஓட்டுத் தையல் போட்டேன். என் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பாதி தைத்தாள். தடவினால் பூனை முதுகு மாதிரி இருந்தது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அத்தனை மடிப்புத் துணி ஒரு பகலில் எப்படிக் காயும்? ஈரம் போகாமலே எடுத்து விரித்திருக்கிறார் மாமி. புண் இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, அந்த மாமிகிட்ட வாயத் தொறந்து சொல்லிடுங்களேன். புண்ணு வந்த மனுஷனுக்கு என்னங்க ஆசாரம்? ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தோய்ச்சா சாமி கோவிச்சுக்குமா?"

"பெரியவங்க. எப்படிச் சொல்றது?"

"அப்ப ஊசிகிட்ட சொல்லி அனுப்புங்க. உங்களுக்கு அதுதானே பேசுது."

அவள் சொன்னது தப்பில்லை. எனக்குள்ளும் அதே கோபம்தான். ஒரு மனிதரின் முதுகு புண்ணாகிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மாளுக்கு விழுப்புதான் பெரிதாக இருக்கிறதே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் மாமியோடு சண்டை போடுவேன். காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். கடைக்கு அவர் வந்து நின்றால், "சரிங்க மாமி" என்பதைத் தவிர வேறொன்றும் வராது.

அடுத்த முறை, அடுக்குகளைத் தனித்தனி விரிப்பாகத் தைத்து மூலைக்கு மூலை நாடா வைத்தேன். கழற்றினால் ஒவ்வொன்றாகச் சீக்கிரம் காயும் என்று கணக்கு. காயத்தான் செய்தது. ஆனால் மாமாவைப் புரட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுருண்டது. "கயிறு மேல படுத்தாப்ல இருக்காம்" என்று திரும்பி வந்தது. எனக்கு அழலாம் போல இருந்தது. கட்டிலைப் பார்த்தால் ஒழிய இனிமேல் ஒரு தையல்கூடப் போட முடியாது என்று தோன்றியது. எப்படியோ தைரியம் வந்து, "அளவெடுக்க நான் வரட்டுங்களா மாமி?" என்று கேட்டுவிட்டேன். மாமி யோசித்தார். அவருக்கும் அலைந்து அலைந்து முழங்கால் வலி. "நாளைக்குக் கார்த்தால வா" என்றார்.

போனேன். கூடத்துக்கு அடுத்த அறையில் கட்டில். மாமா பொன்மலையில் ரயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலும் இடுப்பும்தான் விழுந்திருந்தன, குரல் விழவில்லை.

"வாப்பா. நீதானா அந்த டெய்லர்? இந்தாத்துல தினம் தவறாம ஸ்நானம் பண்றது உன் விரிப்பு ஒண்ணுதான்."

நான் சிரித்துவிட்டு டேப்பைப் பிரித்தேன். கட்டிலில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் விரிப்பு புதிது போல இருந்தது. நடுவில், இடுப்புக்கு நேராக மட்டும், துணி வெளுத்து நைந்திருந்தது. ஆசாரத்துக்காகத் தோய்க்கிற துணி எல்லா இடத்திலும் ஒன்றாகத்தானே நையும்? குனிந்தபோது, சோப்பு வாசனையையும் மீறி, பிள்ளை பெற்ற வீடுகளில் எனக்குப் பழகிய வாசனை வந்தது. நான் டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"இவ சொல்லமாட்டா. நானே சொல்லிடறேன். எனக்குத் தெரியாமலே நனைஞ்சுடறதுப்பா."

"போறும். அவன்கிட்ட என்ன பேச்சு இதெல்லாம்?" என்றார் வாசற்படியில் நின்ற மாமி.

"பின்னே யார்கிட்ட பேசறது? டெய்லர்கிட்ட இடுப்பு அளவு சொல்ல வெக்கப்பட்டா, காலத்துக்கும் வேஷ்டிதான் கட்டிண்டு இருக்கணும்."

அவர் மட்டும்தான் சிரித்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரம் ஏதோ நகர்த்தும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

கடைக்கு நடந்து வரும்போது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மழைக்காலம் முழுக்கப் பிரித்துப் பிரித்துத் தைத்தேனே, அந்த வேலைக்காக அல்ல. எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு நான் தோற்றிருந்தால் பரவாயில்லை. இது நான் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிற வேலை. மாமி முதல் நாள் தொட்டுவிட்டு வேண்டாம் என்றாரே, அந்த ரப்பர்தான் வேண்டியிருந்தது. ஊர் தன்னை ஆசாரப் பைத்தியம் என்று சொன்னாலும் சொல்லட்டும், மாமாவை ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். அந்த நினைப்புக்கு விலை மாமாவின் முதுகு என்பது மட்டும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வாய் வரவில்லை. வாய் வராதது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கே வேறு துணியைத் தொடாமல் உட்கார்ந்து முடித்தேன். இடுப்பு படும் இடத்துக்கு மட்டும் தனித் துண்டு, நாடா சுருண்டு உறுத்தாமல் கட்டிலுக்கு அடியில் போய்க் கட்டுகிற மாதிரி. அதற்குக் கீழே ரப்பர். ஒட்டுகள் எல்லாம் உடம்பு படாத ஓரத்தில். பட்டியைத் தையல் தெரியாமல் கையால் மடித்துத் தைத்தேன். மாமி வந்து வாங்கிக்கொண்டு போனார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. திரும்பி வராததை வைத்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

புண் காய ஆரம்பித்தது. டாக்டரே சொன்னாராம். ஆனால் முழுசாக ஆற நாள் போதவில்லை. நெஞ்சில் சளி கட்டி, தை பிறந்த கொஞ்ச நாளில் மாமா போய்விட்டார். புண்ணால் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். படுக்கைத் துணிகளை எல்லாம் வழக்கப்படி வெளியே போட்டுவிட்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த மழைக்காலத்தை அவர் வலி இல்லாமல் படுத்திருப்பார் என்பதை மட்டும் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து, போன மாதம், மாமி மறுபடி கடைக்கு வந்தார். அவசரம் எல்லாம் போய், கைத்தடியோடு மெதுவாக வந்தார். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் அவர் மட்டும்தான்.

"ஒரு விரிப்பு வேணும்ப்பா. யாராவது விருந்தாளி வந்தா ஆகும்."

"சரிங்க மாமி."

"தினம் தோய்க்கறாப்ல இருக்கணும். எங்காத்து ஆசாரம் தெரியுமோன்னோ?"

எந்த விருந்தாளி தினம் வருகிறார் என்று கேட்க நினைத்தேன். இந்த முறையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கத்த வேண்டும் போல இருந்தது. மேசை மேல் கிடந்த கத்தரியை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ரப்பர் வைத்துத் தைத்து, வெளியே தெரியாமல் பூப்போட்ட துணியால் மூடினேன். மாமி வாங்கிப் பார்த்தபோது அது லேசாக மொரமொரத்தது.

"உள்ளே என்ன?"

"கேன்வாஸ் மாமி. சுருங்காம நிக்கறதுக்கு."

விரலால் அழுத்திப் பார்த்தார். வெகு நேரம் அழுத்தினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலை கடையைத் திறக்கும்போதே வந்து நின்றார். "மழையில காய மாட்டேங்கறது. மாத்தி விரிக்க இன்னொண்ணு குடுப்பா" என்றார். படி இறங்கியவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தக் கேன்வாஸ் மறந்துடாதே."

ஐப்பசி மாதம், வியாழக்கிழமை.