பாம்பு கடிக்காத மீனம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான்: மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேடு. அங்கே நின்று கனடாவுக்குப் பேசினால், நம் காலில் ஏறிய அட்டை அங்கே இருப்பவரைக் கடிக்கும். ஒருவருக்கு ரத்தமே வந்துவிட்டது. இதை நான் சொன்னால் பொகவந்தலாவை பஸ்ஸில் பாதிப்பேர் நம்புகிறார்கள். அதே மேட்டில் நின்று சுலக்ஷனா ஓர் உண்மையைச் சொன்னாள். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

சுலக்ஷனாவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் அவளும் கூடை சுமந்தவள்தான். அவளுடைய அம்மா மீனம்மா மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனாள். அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர மீனம்மாவுக்கு வேறு படம் கிடையாது. அதிலும் யாரோ கோபக்காரி மாதிரி இருப்பாள். அப்போது சுலக்ஷனாவின் மகள் கிருஷாந்தி கைக்குழந்தை. அம்மாயி எப்பேர்ப்பட்டவள் என்று மகள் தெரிந்துகொள்ள ஒரு கதையாவது இருக்கட்டும் என்று சுலக்ஷனா போனில் எழுத ஆரம்பித்தாள்.

பேஸ்புக்கில் ஓர் எழுத்துக் குழுமம் இருந்தது. நடத்தியவர் றோலண்ட், கந்தப்பளையில் பிறந்து கனடாவுக்குப் போனவர், நல்ல மனிதர். அங்கே ஒரே சட்டம்: உங்கள் கதைக்கு விமர்சனம் வேண்டுமென்றால் மற்றவர் கதைக்கு நீங்களும் எழுத வேண்டும். சுலக்ஷனா எல்லாக் கதைக்கும் "நல்லா இருக்குங்க" என்றே எழுதினாள்.

"சகோதரி, பாராட்டு வேண்டாம். குறையைச் சொல்லுங்கள்" என்றார் றோலண்ட்.

"டீச்சரம்மா, மொகம் தெரியாதவங்ககிட்ட எப்படிங்க குறை சொல்றது?" என்று என்னிடம் வந்து நின்றாள்.

"மொகம் தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லித்தான பாதிப்பேரு லயத்து வீடுகள்ல பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்க" என்றேன். சிரித்தாளே தவிர, குறை சொல்லத் துணியவில்லை.

பிறகு தன் கதையைப் போட்டாள். மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்ததும் மீனம்மா தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவி, பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற பிள்ளைத்தாய்ச்சி மேல் போர்த்தியது அதில் இருந்தது. கொழுந்து லொறியில், மூட்டைகளின் மேல் படுக்கவைத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, வீங்கிய வாயால் ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தது இருந்தது.

விமர்சனங்கள் வந்தன. குளவி கொட்டி ஒருவர் சாவதை வாசகர் நம்ப மாட்டார், பாம்பு என்றால் நம்புவார் என்றார் ஒருவர். சாகப்போகிறவள் சிரிக்க வைப்பது ஒட்டவில்லை என்றார் இன்னொருவர். அந்தக் கர்ப்பிணி எதற்கு என்று கேட்டார் மூன்றாமவர்.

கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்று பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீருக்கு, சாக்குக்கு, முற்றிய இலைக்கு என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டே போவார். கூடையை இறக்கிய பெண் வாய் திறக்க மாட்டாள். திறந்தால் மறுநாள் தூர மலையில் நிரை கிடைக்கும். சுலக்ஷனாவும் அந்த மூன்று விமர்சனம் கேட்டதையெல்லாம் கதையிலிருந்து அப்படியே கழித்துக் கொடுத்தாள்.

அவள் புருஷன் கஜேந்திரனுக்கே பொறுக்கவில்லை. "ஏண்டி, ஒங்காத்தாள குளவிதான கொட்டுச்சு?"

"படிச்சவங்க சொல்றாங்க. எதுத்துப் பேசினா அடுத்த கதைய யாரு பாப்பாங்க?"

"ஆமாமா, ஒன்னையத் தூர மலைக்கு அனுப்பிருவாங்க."

பாம்பு வந்தது. எங்கள் மலைக் குளிருக்கு நல்லபாம்பு வந்தால் முதலில் கம்பளி கேட்கும். கதையில் மட்டும் படமெடுத்து நின்றது. எல்லோரும் பாராட்டினார்கள். புதிதாக வருபவர்கள் குழம்பாமலிருக்கப் பழைய பதிவை நீக்கச் சொன்னார் றோலண்ட். நீக்கினாள். போனிலும் அதே பக்கத்தில்தான் அழித்து அழித்துத் திருத்தியிருந்தாள். கதை குழுமத்தின் இணைய இதழில் வந்தது. கிருஷாந்தி எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அம்மாயியப் பாம்பு கடிச்சது காலுலயா, கையிலயா?"

சுலக்ஷனா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாளாம்.

அதற்குப் பிறகுதான் அவள் முதல் தடவையாக ஒரு குறையை எழுதினாள். லண்டனிலிருக்கும் லோஜினியின் கதை. வெளிநாடு போகும் தாயைப் பார்த்துப் பிள்ளை கதறுகிறது. சுலக்ஷனா எழுதினாள்: "தாய் போகும் நாளில் பிள்ளை கத்தாது. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். கத்துவது மறுநாள்தான்."

லோஜினி பதில் போட்டாள்: "நன்றி சகோதரி. யோசித்தேன். என் கதையில் பிள்ளை கதறட்டும்."

அந்தப் பதிலுக்கு றோலண்ட் ஓர் இதயமும் போட்டிருந்தார்.

மழையில் நனைந்தபடி சுலக்ஷனா என் வீட்டுக்கு வந்தாள். "வேணாம்னு சொல்லலாமாங்க, டீச்சரம்மா? அவங்க பாட்டுக்கு வேணாம்னுட்டாங்க. யாருமே கோவிக்கலீங்க."

முதல் கதை யாரிடமாவது இருக்குமா என்று றோலண்டைக் கேட்டாள். "இல்லையே, சகோதரி. இப்போதுதானே நன்றாக வந்திருக்கிறது, பழையது எதற்கு?" என்றார். அவர் சொன்னதில் கள்ளமில்லை.

மறுபடி எழுதிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் போனை வைத்துக்கொண்டு குந்தியிருப்பதை நானே பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சி வந்தாளாம், சாக்கு வந்ததாம். ஆனால், "எழுத உக்காந்தா பாம்புதாங்க முன்னுக்கு வருது. லொறியில அம்மா என்னமோ சொல்லிச்சு. எழுதுறவரைக்கும் நெஞ்சுலயே இருந்துச்சு. எழுதி அழிச்சதோட போயிருச்சு."

லொறியில் கூடப் போன பெண்களைக் கேட்டாள். சிரித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. எதற்கென்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எனக்குக் கைவந்த தொழில் கதை கட்டுவது ஒன்றுதானே. "'என்னையும் சேத்து நிறுங்கடி, இன்னைக்காச்சும் கிலோ கூடட்டும்'னு சொல்லியிருப்பா ஒங்கம்மா" என்றேன்.

சுலக்ஷனா என்னை மரியாதையாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.